கிந்தாவில் தொடங்கிய காய்ச்சல்

அன்புள்ள மாலதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் தாமானில் இரவுதோறும் பழந்தின்னி வௌவால்கள் மாமரத்தில் வந்து மொய்க்கின்றன என்றும், நோய் வருமென்று அஞ்சி மரத்தை வெட்டிவிடவேண்டுமென ஒரு சாராரும் வௌவால்களைச் சுட்டுத் தள்ளவேண்டுமென மற்றொரு சாராரும் வாதாடுகிறார்கள் என்றும் எழுதி, என் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறாய். இரண்டும் வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். அதற்குரிய காரணத்தை நீ கிரகித்துக்கொள்ள வேண்டுமானால், நீ பிறப்பதற்கு முன்பு ஈப்போவை அடுத்த கிந்தா வட்டாரத்தில் நிகழ்ந்த ஒரு துயரத்தைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

1998ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் கிந்தாவின் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தோர் சிலர், கடுங்காய்ச்சலும் தலைவலியும் கண்டு, பிறகு மயக்கமுற்று, சில நாட்களுக்குள்ளேயே நினைவிழந்து மாண்டனர். பன்றிகளோ அதற்கு முன்பே நெடுந்தொலைவு கேட்கும்படி, நாய் குரைப்பதுபோல இருமிக்கொண்டிருந்தன. சோதனையில் சிலரிடம் ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் அறிகுறி தென்படவே, இது அந்நோய்தான் என்று அதிகாரிகள் முடிவு செய்தனர். அவ்வனுமானத்தை அறிவில்லாதது என்று நாம் இகழ்ந்துவிடக் கூடாது. ஏனெனில் அந்தக் காய்ச்சலின் கிருமி பன்றியின் உடலில் பெருகி, கொசுவின் வழியாக மனிதனை அடையும் என்பது அதற்கு முன்பே நன்கு அறியப்பட்ட உண்மை. ஆகவே ஊரெங்கும் கொசுவுக்குப் புகையடித்தார்கள். ஜனங்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை.

இங்கேதான் நீ ஊன்றிக் கவனிக்கவேண்டும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. கிந்தாவிலோ விழுந்தவர்களில் பெரும்பாலோர் உழைக்கும் வயதினரான ஆண்கள். கொசு இன்னாரென்று பார்த்துக் கடிப்பதில்லை. ஆனால் பண்ணைக்கு அருகிலேயே குடியிருந்தும் பன்றியைத் தீண்டாத மலாய்க்காரர்களுக்கு நோய் வரவில்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் தப்பவில்லை. பண்ணை முதலாளிகளான சீனர்களும், அவர்களிடம் கூலிக்கு உழைத்தவர்களும், அவர்களுள் நம்மவர் சிலரும், தம் கைகளால் பன்றிகளுக்குத் தீனி வைத்து, மருந்து புகட்டி, குட்டிகளைத் தூக்கியவர்களே படுத்தார்கள். யார் நோயுறுகிறார்கள், அவர்கள் தினசரி எதைத் தொட்டு வேலை செய்கிறார்கள் என்ற கேள்வியை அப்போதே அழுத்தமாகக் கேட்டிருந்தால் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதற்குள் அச்சமுற்ற பண்ணைக்காரர்கள் கிடைத்த விலைக்குப் பன்றிகளை விற்றுத் தள்ள, லாரிகளில் ஏறிய அப்பிராணிகளோடு நோயும் தெற்கே பயணமாகி, நெகிரி செம்பிலானில் சிக்காமாட்டையும், பின்னர் புக்கிட் பெலாண்டோக்கையும் சுங்கை நிப்பாவையும் அடைந்தது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பாவைச் சேர்ந்த நோயாளி ஒருவரின் தண்டுவட நீரிலிருந்து உலகம் அதுவரை அறியாத ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். அந்தக் கிராமத்தின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. சிங்கப்பூரில் பன்றி அறுக்கும் கூடங்களில் வேலை செய்த 11 பேர் நோயுற்று ஒருவர் இறந்தார். நம் நாட்டில் 265 பேரைத் தாக்கி 105 பேரைக் கொன்ற பிறகு, இராணுவ வீரர்கள் சுமார் பத்து லட்சம் பன்றிகளைக் கொன்று புதைத்த பின்னரே அது அடங்கிற்று. தலைமுறை தலைமுறையாக வளர்த்த தொழில் ஒரு பருவத்தில் அழிந்து, கடனோடு ஊரைவிட்டுப் போன குடும்பங்கள் பல.

பின்னர் நடந்த விசாரணை பழந்தின்னி வௌவாலில் வந்து நின்றது. நோய் முதலில் கண்ட பண்ணையில் பன்றிக் கொட்டிலை ஒட்டியே மாமரங்களை வளர்த்திருந்தார்கள். இரவில் பழம் உண்ண வந்த வௌவால்கள் பாதி கடித்துப் போட்ட மாம்பழம் எச்சிலோடு கொட்டிலுக்குள் விழுந்தது; பன்றி அதைத் தின்றது. பல்லாயிரம் பன்றிகளை நெருக்கி அடைத்த இடத்தில், புதிய குட்டிகள் ஓயாமல் பிறந்துகொண்டிருந்தபடியால், கிருமிக்கு என்றும் புது உடல் கிடைத்தது. வௌவாலின் இனமோ யுகயுகமாக இக்கிருமியைத் தன்னுடலில் சுமந்து, தனக்கு யாதொரு துன்பமுமின்றி வாழ்ந்து வந்திருக்கிறது. அதை வைத்து வௌவாலைக் குற்றவாளியாக்குவது நியாயமன்று. டுரியான் மலருக்கு இரவில் மகரந்தம் சுமப்பவையும் வௌவால்களே. அவற்றைச் சுட்டு விரட்டினால் எஞ்சியவை சிதறி வேறு ஊர்களுக்குப் பரவும். பழமரமும் கால்நடைக் கொட்டிலும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்காதபடி பார்த்துக்கொள்வதே அறிவுடைமை.

இவ்விதம் நிலத்தில் நாம் செய்யும் மாற்றம் நோயாக வந்து நிற்பது புதிதன்று. 1901இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், கரையோரச் சதுப்புகளில் காட்டை அழித்து நீரை வடித்தால் மலேரியா குறைவதைக் கண்டார். ஆனால் குன்றுப்பாங்கான ரப்பர் தோட்டங்களில் அதே காரியம் நோயைப் பெருக்கியது. காரணம், நிழலில் ஓடிய தெளிந்த ஓடைகள் வெயிலுக்குத் திறந்துகொண்டதும், வெயில்படும் ஓட்டநீரை நாடும் அனாபிலிஸ் மாக்குலேட்டஸ் என்னும் கொசு அவற்றில் பல்கியதே. ஒரே செயல் இரண்டு நிலத்தில் இரண்டு பலன் தந்ததை அறியாத காலத்தில், லயங்களில் நம் முன்னோர் குவியல் குவியலாக மடிந்தார்கள்.

உங்கள் பக்கத்து ரப்பர் காடுகள் பெரும்பாலும் செம்பனையாகிவிட்டன. உதிர்ந்த செம்பனைக் காயைத் தின்ன எலி பெருகும். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் வெறுங்காலோடு நடப்பவனின் காலில் ஒரு சிறு சிராய்ப்பு இருந்தாலும் எலிக்காய்ச்சல் கிருமி உட்புகும். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை தாங்கமுடியாமல் வலிப்பதும் கண் சிவப்பதும் அதன் அடையாளங்கள். 2010 முதல் அது அரசாங்கத்திற்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்று. எஞ்சியுள்ள பழைய பால்மரங்களில் கவிழ்க்காமல் விட்ட பால் மங்கில் மழைநீர் நின்றால், ஒரு வாரத்தில் அதற்குள் டிங்கிக் கொசுவின் புழுக்கள் நெளிவதை நீயே குனிந்து பார்க்கலாம்.

ஆகவே, வௌவால் கடித்த பழத்தைக் கையால் எடுக்காதே, கோழிக்கும் ஆட்டுக்கும் போடாதே, மண்ணில் புதைத்துவிடு. பறித்த பழத்தைக் கழுவித் தோல் சீவி உண். கொட்டில் மாமரத்தடியில் இருந்தால் அதைத் தள்ளி அமைக்கும்படி தாத்தாவிடம் பக்குவமாகச் சொல். செம்பனைக் காட்டுக்கு வேலைக்குப் போகும் உன் அண்ணனைப் பூட்ஸ் அணியச் சொல். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் கண்டு கிளினிக்குக்குப் போனால், மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல், நோயாளி எங்கே வேலை செய்தார், எந்தப் பிராணியைத் தொட்டார், எந்த நீரில் இறங்கினார் என்பதை நீயே முந்திக்கொண்டு சொல்லிவிடு.

அன்புடன்,
மாமா