கையெழுத்துக்குப் பிறகு

கேள்வி: ஒப்பந்தம் போட்ட ஹாக்கி வீரர் அதை விட்டுவிட்டு எதிர்த்தரப்புக்குப் போவது துரோகம்தானே?
- ஒரு வாசகர், அவிநாசி

பதில்: துரோகம் என்று நான் சொல்ல மாட்டேன். அட்வான்ஸ் வாங்கிய டெய்லர் வேறு பனியன் கம்பெனிக்குப் போனால் உங்கள் ஊரில் கோபம் வரும், நியாயம்தான். ஆனால் 2012-ல் நடந்ததைப் பாருங்கள். இந்திய ஹாக்கி சம்மேளனமும் நிம்பஸ் நிறுவனமும் வேர்ல்ட் சீரிஸ் ஹாக்கி என்ற லீக்கை நடத்தின. அதில் நம் சென்னை சீட்டாஸ் அணி எழும்பூர் மைதானத்தில் ஆடியது. சர்வதேச ஹாக்கி சம்மேளனமோ போட்டிச் சங்கமான ஹாக்கி இந்தியாவைத்தான் அங்கீகரித்திருந்தது; லீக்கில் ஆடினால் இந்திய அணியில் இடம் கிடைக்குமா என்பது சந்தேகம். கையெழுத்திட்டிருந்த சர்தார் சிங்கும் சந்தீப் சிங்கும் ஒலிம்பிக்கை நினைத்து விலகினார்கள். வேறென்ன செய்வார்கள்? ராஜ்பால் சிங்கும் அர்ஜுன் ஹாலப்பாவும் லீக்கில் ஆடினார்கள். லண்டன் ஒலிம்பிக் அணியில் அவர்கள் இல்லை. இரண்டு சங்கங்களின் அதிகாரச் சண்டையில் வீரர்களை இப்படி நிறுத்தியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. லீக் ஒரே சீசனோடு நின்றது. பேசிய பணம் முழுதாக வரவில்லை என்று ஆடியவர்கள் பலர் முறையிட்டார்கள்.