கருஞ்சீரகம் சாப்பிட்டால் சுகர் மாத்திரையை நிறுத்தலாமா?



ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பலரும் கேட்கும் கேள்வி இது. கருஞ்சீரகத்துக்குப் பதில் சிலர் சிறுகுறிஞ்சான் பொடி என்பார்கள், சிலர் ஆவாரம்பூ என்பார்கள். நோன்பு நெருங்குவதால் சற்று விளக்கமாகவே எழுதுகிறோம்.

மூலிகைகளை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்க முடியாது. சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டுப் பாருங்கள், சிறிது நேரத்துக்கு இனிப்பே தெரியாது. நமக்குப் பக்கத்தில் தரமணியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையினர் இந்த இலையிலிருந்து பிரித்தெடுத்த சத்தைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தார்கள். 1990-ல் வெளியான அந்த ஆய்வில் 22 பேர் தினமும் 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதங்கள் எடுத்துக்கொண்டார்கள். சர்க்கரை குறைந்தது. 5 பேர் மாத்திரையையே நிறுத்த முடிந்தது.

வாட்ஸ்அப்பில் சுற்றுவது இந்த 5 பேரின் கதைதான். மீதி 17 பேரைப் பற்றி யாரும் சொல்வதில்லை. எல்லோருமே தங்கள் வழக்கமான மாத்திரையோடு சேர்த்துத்தான் இதைத் தொடங்கினார்கள். இரத்தத்தை அளந்து பார்த்த பிறகே மாத்திரை குறைக்கப்பட்டது. அளவு தெரிந்த சத்து அது. கடையில் வாங்கும் பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

கருஞ்சீரகத்துக்கும் இதே கதைதான். சவூதி அரேபியாவில் 94 நோயாளிகளுக்கு தினம் 1, 2, 3 கிராம் என்று மூன்று பிரிவாக 12 வாரம் கொடுத்துப் பார்த்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். 2 கிராமில் நல்ல பலன் இருந்தது, 3 கிராமில் அதைவிடக் கூடுதலாக ஒன்றும் இல்லை. அவர்களும் மாத்திரையை விடவில்லை.

"கருஞ்சீரகத்தில் ஷிஃபா இருப்பதாக ஹதீஸ் இருக்கிறதே, பிறகு மாத்திரை எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். ஹதீஸ் ஸஹீஹானது, சந்தேகமில்லை. ஆனால் அது எல்லா நோய்க்கும் பொருந்தும் பொதுச் சொல் அல்ல, குறிப்பிட்ட வகை நோய்களையே கருதுகிறது என்று இமாம் கத்தாபி (ரஹ்) விளக்கியிருக்கிறார்கள். ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது, ஹாரிஸ் இப்னு கலதா என்ற வைத்தியரிடம் போகும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூதாவூதில் வருகிறது. கொடுக்கச் சொன்ன மருந்து அஜ்வா பேரீச்சம்பழம்தான். அதைக்கூட வைத்தியர் கையால் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இன்சுலின் போடுபவர்கள், குறிப்பாக முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர், எந்த மூலிகைக்காகவும் இன்சுலினை நிறுத்தவே கூடாது. சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாகும்.

நோன்பில் ஆபத்து வேறு பக்கம். க்ளிமிபிரைடு, க்ளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் ஸஹரில் மூலிகைப் பொடியையும் சேர்த்துக்கொண்டால், அஸர் நேரத்தில் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே அளந்து பாருங்கள். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது. 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேலே ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பதே மருத்துவ வழிகாட்டுதல். நோயாளிக்கு அல்லாஹ் கொடுத்த சலுகை அது. "இன்னும் ஒரு மணி நேரம்தானே" என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடித்தால் வீட்டிலுள்ள பிள்ளைகள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மூலிகை எடுக்க விரும்புவோருக்குத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. எடுக்கும் மாத்திரைச் சீட்டையும் மூன்று மாதச் சராசரி சர்க்கரை (எச்பிஏ1சி) அறிக்கையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். மாத்திரை எழுதிக் கொடுக்கும் டாக்டரிடமும் பொடியை மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரை வாங்கப் பணமில்லாமல் பொடிக்கு மாறியவர்களும் நம் மஹல்லாவில் இருக்கிறார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை மாத்திரை இலவசம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் தருகிறார்கள். பெயர் பதிய உதவி தேவைப்பட்டால் அஸருக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள்.