பந்திக்கு மேலே பட்ட கிளை

2010 நவம்பரில் அமெரிக்க அதிபர் ஒபாமா மும்பைக்கு வந்தபோது, காந்தி தங்கியிருந்த மணி பவன் இல்லத்தைப் பார்க்கப் போனார். அவர் வருவதற்கு முன்பே அந்த இடத்துத் தென்னைகளிலிருந்து காய்களை இறக்கிவிட்டார்கள். எவ்வளவு காவல் போட்டாலும் மேலிருந்து விழும் தேங்காயைத் தடுக்க முடியாது என்று அங்கே யாரோ சரியாக யோசித்திருக்கிறார்கள். நம் வீட்டுக் கொல்லையில் வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று நூறு பேரைக் கூட்டும்போது நாம் வாழைமரம் கட்டுகிறோம், மைக்செட் சொல்கிறோம், இலைக்கட்டு எண்ணி வாங்குகிறோம். அண்ணாந்து பார்ப்பதுதான் விட்டுப்போகிறது. யாராவது பார்த்துச் சொன்னாலும், "அது பத்து வருஷமா அப்படியேதான் நிக்குது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மரத்தைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருக்கிற சிலவற்றை விழாவுக்கு முன் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

"தென்னைக்குக் கண் உண்டு, மனுஷன் தலையில போடாது"

ஊர் ஊராகக் கேட்கிற பேச்சு இது. உண்மை வேறு. பப்புவா நியூ கினியாவில் அலோட்டாவ் என்ற ஊர் மருத்துவமனையில் பணியாற்றிய பீட்டர் பார்ஸ் என்ற மருத்துவர், நான்கு ஆண்டுகளில் காயத்துக்காக உள்நோயாளியாகச் சேர்ந்தவர்களின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். அவர்களில் 2.5 சதவீதம் பேர் தேங்காய் விழுந்து அடிபட்டவர்கள். 1984-இல் அதை மருத்துவ இதழிலும் எழுதினார். கணக்கும் எளிதுதான்: 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் காய் தரையை நெருங்கும்போது மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. ஆறு மீட்டர் உயரத்திலிருந்து விழும் காய்ந்த மாங்கிளைக்கே 40 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும்.

பிறகு ஏன் இந்த நம்பிக்கை இத்தனை நாள் நிலைத்தது? சாதாரண நாளில் மரத்தடியில் ஆள் நிற்பதே சில நிமிடங்கள். காய் விழும் நேரத்தில் அங்கே பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை. விழா நாளில் அதே இடத்தில் ஐம்பது நாற்காலிகள், ஐந்து மணி நேரம். கிளை மாறவில்லை, காய் மாறவில்லை. கீழே இருக்கும் தலைகளின் எண்ணிக்கை மாறிவிடுகிறது. பத்து வருஷமாக நிற்கிற கிளைக்கும் இதே பதில்தான்.

"காத்து அடிச்சாதான் விழும்"

2016-இல் வார்தாவையும் 2018-இல் கஜாவையும் பார்த்த நமக்கு, மரம் என்றால் புயலில்தான் விழும் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. பட்ட கிளையை உள்ளிருந்து தின்பது பூஞ்சை. காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதன் வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். கோடை மழையில் நனைந்தால் மட்கிய கட்டை நீரை உறிஞ்சிக் கனக்கும். மறுநாள் இலைகூட அசையாத வெயிலில் முறியும். உயிருள்ள பெருங்கிளைகளே காற்றில்லாத வெப்பமான பிற்பகல்களில் திடீரென்று முறிவதை மரவியலாளர்கள் பல நாடுகளில் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே, வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுத் தைரியமாக இருந்துவிட முடியாது.

"இலை இல்ல, பட்டுப்போச்சு" – "பச்சை தெரியுது, உயிரோடதான் இருக்கு"

இரண்டும் தவறாகலாம். இரண்டாலும் கெடுதல் நடக்கிறது. வேம்பு மாசி, பங்குனியில் இலை உதிர்க்கும். ஒதிய மரம் கோடையில் மொட்டையாகவே நிற்கும். பெருங்கள்ளி என்று சில ஊர்களில் சொல்லும் கோயில் அரளியும் பனிக்காலத்தில் வெறுங்கொம்பாகத் தெரியும். அண்மை ஆண்டுகளில் தமிழகத்து வேப்பமரங்களில் மழைக்காலத்தை ஒட்டி நுனிக்கிளைகள் தீய்ந்தாற்போல் கருகுகின்றன. இது ஒரு பூஞ்சை நோய்; தேயிலைக் கொசு என்ற சாறுறிஞ்சும் பூச்சியும் இதோடு சேர்ந்துகொள்கிறது. பார்க்கிறவர்களுக்கு மரமே செத்துவிட்டதாகத் தோன்றும். பெரும்பாலான மரங்கள் அடுத்த துளிர்ப்பில் மீண்டுவிடுகின்றன. அவசரப்பட்டு வெட்டிவிட்டால் மீள எதுவும் மிச்சமிருக்காது.

எதிர்ப்பக்கமும் உண்டு. பட்ட கிளையில் சீந்தில் கொடியோ மணிபிளாண்டோ படர்ந்திருந்தால் கீழிருந்து பார்க்கும்போது எல்லாம் பச்சையாகத் தெரியும். மாமரத்தில் புல்லுருவி பிடித்த கிளையும் அப்படித்தான்: ஒட்டியிருக்கும் இடத்தில் புல்லுருவியின் இலை தழைத்திருக்கும், அதற்கு அப்பால் மாங்கிளை காய்ந்து நீண்டிருக்கும்.

கைக்கு எட்டுகிற கிளையென்றால் நகத்தாலோ சிறு கத்தியாலோ பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே ஈரமான பச்சை அடுக்கு தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, பொடியாக உதிர்ந்தால் இல்லை. எட்டாத உயரத்துக்குக் கண்தான் கருவி. மெல்லிய நுனிக்குச்சிகள் எல்லாம் உதிர்ந்து தடித்த கொம்பு மட்டும் நிற்கிறதா, பட்டை உரிந்து தொங்குகிறதா, தட்டுத் தட்டாகக் காளான் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கடந்த காற்றில் முறிந்து, கீழே விழாமல் கவையில் மாட்டித் தொங்கும் கிளை இருக்கிறதா என்பதைத் தனியாகத் தேடிப் பாருங்கள். அது எல்லாவற்றையும் விட ஆபத்தானது. அதைப் பிடித்து நிறுத்தியிருப்பது ஒரு சின்னக் குச்சியாக இருக்கலாம்.

"காய்ஞ்சதுதானே, ஏணியைப் போட்டு நாமே வெட்டிடலாம்"

விருந்தாளிக்கு வர வேண்டிய ஆபத்து வீட்டுக்காரருக்கே வருவது இந்த இடத்தில்தான். பச்சைக் கிளை வளையும், கிரீச்சிடும், முறியப் போவதை ஓரளவு முன்கூட்டியே சொல்லும். காய்ந்த கிளை எதையும் சொல்லாது. காலை வைத்ததும் படக்கென்று போகும். அதில் கயிறு கட்டி இடுப்பில் சுற்றிக்கொள்வதால் ஒரு பயனும் இல்லை. முருங்கையில் ஏறாதே என்று பெரியவர்கள் சொன்னது முழுக்கச் சரி. அது பச்சையாக இருக்கும்போதே பட்ட கிளைபோல் முறிகிற மரம்.

ஏணி விஷயத்தில் என்ன நடக்கிறதென்று கவனியுங்கள். வெட்டப்போகும் கிளையிலேயே ஏணியைச் சாய்க்கிறோம். நுனிப்பகுதி அறுந்து விழுந்ததும் அந்தப் பாரம் நீங்கி, மீதிக்கிளை ஓர் அடி மேலே எழும்பும். ஏணிக்கு இருந்த பிடிமானம் போய்விடும். சில சமயம் அறுந்த கிளை பட்டையில் தொங்கியபடி ஊசலாடி வந்து ஏணியையே அடிக்கும். வெட்டுகிறவரின் ஒரு கையில் அரிவாள், மறு கையில் கிளை. பிடித்துக்கொள்ள மூன்றாவது கை கிடையாது. கீழே ஏணியைப் பிடிக்கும் தம்பி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நேர் கீழே நிற்கிறான்.

தரையில் நின்று நீளக் கழியில் கட்டிய துறட்டியால் இழுப்பது பாதுகாப்பானது என்பதும் பாதி உண்மைதான். கட்டைவிரல் பருமனுள்ள குச்சிகளுக்கு அது போதும். மணிக்கட்டுப் பருமன் தாண்டிய கிளையை இழுத்தால் அது இழுத்தவர் மேல்தான் வரும். சிறு குச்சியானாலும் நேர் கீழே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள், தலைக்கு ஹெல்மெட் போடுங்கள். அதற்கு மேற்பட்ட எதற்கும் மரம் ஏறும் தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அவருக்கும் நாம் செய்ய வேண்டியது உண்டு: பாதுகாப்புப் பட்டை போட்டுக்கொள்ளச் சொல்வது, பட்ட கிளையில் இல்லாமல் உயிருள்ள தடித்த கிளையில் கயிறு கட்டச் சொல்வது, கிளையின் நீளத்தைப் போல் இரு மடங்கு தூரத்துக்கு ஒருவரும் வராமல் பார்த்துக்கொள்வது. "சீக்கிரம் முடிங்கண்ணே" என்று கீழே நின்று விரட்டாமல் இருப்பதும் அதில் சேர்ந்தது.

"காய்ஞ்ச கட்டையில கரண்ட் பாயாது"

தெருவில் போகும் உயரழுத்தக் கம்பியில் 11,000 வோல்ட் ஓடுகிறது. அந்த அழுத்தத்துக்குக் காய்ந்த கட்டை பெரிய தடை இல்லை. பனியில் நனைந்திருந்தால் சொல்லவே வேண்டாம். தொடாமல், மிக அருகில் போனாலே தாவிப் பாயவும் கூடும். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் கம்பியும் உயிரை எடுக்கப் போதுமானது. இப்போது கடைகளில் விற்கும் துறட்டிகளில் பல இரும்புக் குழாயிலும் அலுமினியத்திலும் வருகின்றன. மாங்காய் பறிக்கப் போய்க் கம்பியில் பட்டு இறந்தவர்கள் செய்தி அடிக்கடி வருகிறது. கிளை கம்பியின் பக்கம் நீண்டிருந்தால் அது உங்கள் வேலையும் இல்லை, மரம் ஏறுபவரின் வேலையும் இல்லை. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-இல் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே கை வைக்க வேண்டும்.

"அடியோட மழுங்க வெட்டி சாணி பூசணும்"

நல்ல எண்ணத்தில் செய்வதுதான், ஆனால் மரத்துக்குத் தீங்கு. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ என்ற தாவர நோயியலாளர், ஆயிரக்கணக்கான மரங்களை ரம்பத்தால் நெடுக்காக அறுத்து உள்ளே அழுகல் எப்படிப் பரவுகிறது என்று பார்த்தார். 1970-களில் அவர் எழுதியவை மரம் வெட்டும் முறையையே மாற்றின. நம் தோலில் காயம் ஆறுவதுபோல் மரத்தில் ஆறுவதில்லை. அடிபட்ட பகுதியைச் சுற்றி மரம் வேதியியல் தடுப்பு ஒன்றை எழுப்பி, அழுகலை உள்ளேயே அடைத்துவிட்டு, அதன் மேல் புதிய கட்டையை வளர்க்கிறது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போட்டதுபோல் ஒரு புடைப்பு இருக்கும். இந்தத் தடுப்பை எழுப்பும் வலு அங்கேதான் அதிகம். தண்டோடு மழுங்க வெட்டினால் அந்தப் புடைப்பே போய்விடும். ஒரு முழம் விட்டு வெட்டினால் அந்தக் கட்டை மட்கி, அழுகலை உள்ளே கொண்டுபோகும். புடைப்பை ஒட்டி, அதைத் தொடாமல் வெளிப்பக்கமாக அறுப்பதே சரி.

தடித்த கிளையை ஒரே வெட்டில் அறுக்கவும் கூடாது. பாதி அறுந்ததும் பாரத்தால் கிளை தொய்ந்து, தண்டின் பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு போகும். முதலில் தண்டிலிருந்து ஓர் அடி தள்ளிக் கீழிருந்து மேலாகக் கால்வாசி ஆழம் அறுக்க வேண்டும். அதற்கு இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை சுத்தமாக விழும். மிஞ்சிய கட்டையைப் புடைப்பை ஒட்டி நிதானமாக எடுக்கலாம். இதற்கு அரிவாளை விடக் கிளை ரம்பம் நல்லது.

சாணி, செம்மண், பெயின்ட் எதுவும் பூச வேண்டாம். அவை ஈரத்தை உள்ளே பிடித்துவைத்துப் பூஞ்சைக்கே உதவும். தென்னைக்கு மட்டும் விதி வேறு. அதற்குக் காயத்தை மூடும் வளர்ச்சி அடுக்கே கிடையாது, புண் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வந்து முட்டையிடும். ஆகவே தென்னையில் காய்ந்து தொங்கும் மட்டையை மட்டும் எடுங்கள். பந்தல் அழகுக்காகப் பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்டச் சீவாதீர்கள்.

"எதுக்கு வம்பு, மொட்டை அடிச்சிடலாம்"

இதைக் கேட்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஒரு காய்ந்த கிளைக்காக முப்பது வருஷத்து மாமரத்தின் தலையையே எடுத்துவிடுகிறார்கள். வெட்டிய இடத்தில் கொத்தாகப் புதுக்கிளைகள் வரும். ஆனால் அவை பழைய கிளைபோல் தண்டின் ஆழத்தில் வேரூன்றியவை அல்ல; மேற்பட்டையை ஒட்டி மட்டும் நிற்பவை. சில ஆண்டுகளில் அவை பெருத்து, ஒவ்வொன்றாக முறியத் தொடங்கும். வெயிலே படாமல் இருந்த தண்டும் வெடிக்கும். விழாவன்று உட்கார நிழலும் இருக்காது.

"மேல ஷாமியானா இருக்கே"

துணி துணிதான். பந்தல் கயிற்றையும் ஒலிபெருக்கியையும் சீரியல் விளக்கையும் கிளையிலேயே கட்டினால், காற்றில் புடைக்கும் துணி அந்தக் கிளையை விடாமல் இழுத்துக்கொண்டிருக்கும். பந்தலுக்குத் தனிக் கால் நடச் சொல்லுங்கள்.

"முந்தின நாள் பாத்துக்கலாம்"

அந்த ஒரு நாளில் ஆள் கிடைக்காது; கிடைத்தாலும் அவர் அவசரத்தில்தான் வெட்டுவார். மூன்று வாரத்துக்கு முன்பே பார்த்துவிட்டால், வெட்டக் கூடாதது எது என்றும் தெரிந்துகொள்ளலாம். தடித்த கிளையின் அடியில் மலைத்தேனீ கூடு தொங்கினாலோ, கதண்டு கூடு கட்டியிருந்தாலோ தீப்பந்தம் காட்டாதீர்கள். ஹோமப் புகையும் சமையல் அடுப்புப் புகையும் பட்டே தேனீக்கள் கூட்டத்தைக் கொட்டியிருக்கின்றன. கதண்டுக்குத் தீயணைப்பு நிலையத்தில் சொன்னால் வருவார்கள், எண் 101. பட்ட கொம்பில் சின்னதாக வட்டத் துளை தெரிந்தால் அது குக்குறுவானின் வீடாக இருக்கலாம். கோடையில் உள்ளே குஞ்சு இருக்கும். ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் நிற்கும் அப்படிப்பட்ட கொம்பை விட்டுவிடுங்கள், அதனால் யாருக்கும் தொல்லை இல்லை.

பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் அன்றே கொல்லைக்குப் போய், நாற்காலி எங்கே, பந்தி எங்கே, அடுப்பு எங்கே என்று நின்று பார்த்து, ஒவ்வோர் இடத்திலும் அண்ணாந்து பாருங்கள். பட்ட கிளை இருந்து, அதை இறக்க ஆள் கிடைக்காவிட்டால், பந்தியை வேறு பக்கம் மாற்றிப் போடுங்கள்.