நாலரை மணி பில்

தோவாளைப் பூச்சந்தை விடியும் முன்பே சூடுபிடித்துவிடும். பிச்சியும் அரளியும் எடைபோட்டுக் கைமாறி வண்டியேறும் நேரத்தில் சுற்றுவட்டாரம் இன்னும் போர்வைக்குள்தான் இருக்கும். அங்குள்ள வியாபாரி ஒருவருக்கு நாகர்கோவிலில் நான்கு பேர் கொண்ட ஒரு குழு பில் போடும் செயலி எழுதிக் கொடுத்தது. அந்த நால்வரில் டெஸ்ட் எழுதும் பொறுப்பு என்னுடையது. முந்நூறு டெஸ்டும் பாஸ் ஆகி, செயலி சந்தைக்குப் போன இரண்டாம் நாள் வியாபாரி கூப்பிட்டார்.

“இன்னைக்குள்ள பூவ நேத்தைக்குள்ள கணக்குல எழுதி வச்சிருக்கியளே மக்கா, நான் யாருட்ட போய் துட்டு கேப்பேன்?”

காலை 4.30க்குப் போட்ட பில்லில் முந்தைய நாள் தேதி. சர்வர் யுடிசி நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். தோவாளையில் 4.30 என்றால் சர்வருக்கு முந்தின இரவு 11 மணிதான். நள்ளிரவிலிருந்து 5.30 வரை போடும் பில் எல்லாம் நேற்றைய கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. பத்து மணிக்குத் திறக்கும் ஜவுளிக்கடைக்கு எழுதியிருந்தால் இந்தப் பிழை வருஷக்கணக்கில் வெளியே வந்திருக்காது.

டெஸ்ட் ஏன் பிடிக்கவில்லை? நாங்கள் டெஸ்ட் ஓட்டியது பகலில் என்பது ஒரு காரணம். அதைவிடக் கேவலமான காரணம் ஒன்று இருந்தது. ‘இன்றைய தேதி’ என்று நான் எழுதி வைத்திருந்த ஹெல்பர், செயலி தேதி கேட்ட அதே ஃபங்ஷனைத்தான் கேட்டது. நள்ளிரவில் ஓட்டியிருந்தாலும் இரண்டும் சேர்ந்தே தப்பாகி, பாஸ் என்றுதான் காட்டியிருக்கும். திருடனையே சாட்சிக் கூண்டில் ஏற்றிய கதை.

ஹெல்பர் என்பதை இத்துறையில் இல்லாதவர்களுக்கு இப்படிச் சொல்லலாம். கல்யாண வீட்டு ஆக்குப்புரையில் பெரிய சமையல்காரர் அவியலுக்குப் பதம் பார்ப்பார். தேங்காய் துருவுவதும் காய் நறுக்குவதும் எடுபிடிகள். பைடெஸ்ட், ஜேயூனிட் போன்ற ஃபிரேம்வொர்க்குகள் டெஸ்டை ஓட்டித் தீர்ப்புச் சொல்லும். அதற்கு முன் போலி வாடிக்கையாளரை உருவாக்குவது, லாகின் செய்வது, திரை வரும்வரை காத்திருப்பது, வந்ததை ஒப்பிடுவது எல்லாம் ஹெல்பர்களின் வேலை. ஜேயூனிட் 1997இல் கென்ட் பெக்கும் எரிக் காமாவும் சூரிச்சிலிருந்து அட்லாண்டா போகிற விமானத்தில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தது. ஒரு விமானப் பயணத்துக்குள் அடங்குகிற அளவுக்கு அதன் கரு சின்னது. அதைச் சுற்றி நாம் சேர்க்கும் எடுபிடிக் கூட்டம்தான் மாசக்கணக்கில் பெருகும். அவர்களை யாரும் சோதிப்பதில்லை.

தேதி ஹெல்பரைத் தூக்கிவிட்டு, நேரத்தை வெளியிலிருந்து கொடுக்கும்படி மாற்றினோம். பைத்தானில் ஃப்ரீஸ்கன் என்றொரு நூலகம் உண்டு. கடிகாரத்தைச் சொன்ன இடத்தில் உறைய வைக்கும். நள்ளிரவு 12.00, 4.30, 5.29, 5.30 என்று நான்கு நேரங்களில் நிறுத்திப் பார்த்தோம். வர வேண்டிய தேதியைக் கணக்குப் போட்டு எடுக்காமல் கையாலேயே எழுதி வைத்தோம். பார்க்க அழகாக இராது. ஆனால் செயலியோடு சேர்ந்து தப்புப் பண்ணாது.

அடுத்த அடி ஊர்ப் பெயரில் விழுந்தது. ‘நாகர்கோவில்’ என்று தேடினால் பாதி வாடிக்கையாளர்கள்தான் வந்தார்கள். கண்ணுக்கு அந்தப் பெயரில் ஆறு எழுத்து: நா, க, ர், கோ, வி, ல். பைத்தான் எண்ணினால் பதினொன்று, ஏனென்றால் யூனிகோடில் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனி எண். கம்ப்யூட்டரில் ‘கோ’ எழுத இரண்டு வழி இருக்கிறது. ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே எண்ணாகச் சேர்ப்பது ஒன்று. ஏகாரக் குறி, கால் என்று இரண்டாக வைப்பது மற்றொன்று. இரண்டாவது வழியில் நாகர்கோவில் பன்னிரண்டாகிவிடும். திரையில் இம்மி வித்தியாசம் தெரியாது. வேறொரு கோப்பிலிருந்து ஏற்றிய பழைய பட்டியலில் பன்னிரண்டு இருந்தது, புதிதாகத் தட்டியதில் பதினொன்று.

இதற்கும் டெஸ்ட் இருந்தது. ஆனால் ஒப்பிடும் ஹெல்பர், இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட்டது. நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருந்தேன். செயலி செய்ய வேண்டிய திருத்தத்தை ஹெல்பர் செய்துவிட, செயலி செய்யாமல் விட்டது மறைந்துபோயிற்று. பிள்ளையின் வீட்டுப்பாடத்தைத் தானே எழுதிக் கொடுக்கும் அப்பாக்கள் உண்டல்லவா, அந்த வகை.

காத்திருக்கும் ஹெல்பரிலும் இதே இரக்கம் இருந்தது. செலினியத்தில் பிரவுசரை ஓட்டுபவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் கெட்ட பழக்கம் ‘ஐந்து விநாடி தூங்கு’. முந்நூறு டெஸ்டுக்கு ஐந்து விநாடி என்றால் தூக்கம் மட்டும் 25 நிமிடம். அரை விநாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, பட்டன் வந்ததும் நகரும்படி மாற்றினால் நேரம் மிச்சம். கூடவே, எந்தப் பக்கம் உண்மையிலேயே மந்தம் என்பதும் தெரிய வரும். தோற்றால் மூன்று தடவை மறுபடி ஓட்டும் ஹெல்பரும் எங்களிடம் இருந்தது. அதை எடுத்த அன்று ஏழு டெஸ்ட் தோற்றது; ஏழில் மூன்று அசல் பக்.

தோற்கும்போது ஹெல்பர் பேசவும் வேண்டும். பைத்தானின் யூனிட்டெஸ்ட் ‘பொய் மெய்யல்ல’ என்கிற அர்த்தத்தில் ஒரு பிழைச்செய்தி தரும். தத்துவ வகுப்புக்கு ஆகும். ராத்திரி பதினொரு மணிக்கு பக் தேடுகிறவனுக்கு எந்த பில், எந்தத் தேதி எதிர்பார்த்தது, எது வந்தது என்று தெரிய வேண்டும்.

நாகர்கோவில் டெஸ்டுக்கு இரண்டு வடிவத்தையும் அடுத்தடுத்த வரியில் வைத்திருந்தேன். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், ஒரே பெயர் இரண்டு தடவை வந்திருக்கிறதே என்று ஒன்றைப் பொறுப்பாக அழித்துவிட்டார். எல்லாம் பாஸ். டெஸ்டின் எண்ணிக்கை ஒன்று குறைந்ததை ஒரு மாதம் யாரும் கவனிக்கவில்லை. இப்போது அந்த இரண்டு வரியிலும் எழுத்துக்குப் பதில் யூனிகோடு எண்களே இருக்கின்றன. மேலே ஒரு குறிப்பு: ‘ரெண்டும் ஒண்ணில்ல மக்கா, தொடாத.’