பன்றிக்கு இழுத்த கம்பி

கேள்வி: காட்டுப்பன்றியைத் தடுக்க, மரக்கறித் தோட்ட வேலிக்கு வீட்டு மின்சாரத்தைக் கொடுத்தால் என்ன? யானை வேலியிலும் மின்சாரம்தானே ஓடுகிறது?
– வாசகர், நாவுல, மாத்தளை மாவட்டம்

பதில்: கொடுக்கவே கூடாது; அது சட்டவிரோதமும்கூட. யானை வேலியில் பல ஆயிரம் வோல்ட் இருந்தாலும், அதற்கென்றே செய்த கருவி ஏறத்தாழ நொடிக்கு ஒரு முறை, கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாகவே அதை விடுகிறது. தொட்டவர் அதிர்ந்து விலகிவிடலாம். வீட்டுக் கம்பியின் 230 வோல்ட்டோ இடைவிடாமல் பாயும்; தசை இறுகி, பிடித்த கை விடாது. ட்ரிப் சுவிட்ச் காப்பாற்றாதா என்பீர்கள். 30 மில்லிஅம்பியர் கசிந்தாலே அது விழுந்துவிடும். ஈரப்புல் உரசும் வேலியில் அந்தக் கசிவு எளிதில் நேரும். ஆகவே அந்தச் சுவிட்ச்சைத் தவிர்த்துக் கம்பி இழுக்கிறார்கள். அங்கே பன்றிக்கும் அயல்வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே கதிதான். பயிரிழப்பு பெருந்துயரம்; அதற்காகவே தோட்டக்காரர்கள் ஒன்றுசேர்ந்து, உரிய அனுமதியுடன் முறையான வேலிக் கருவியைப் பொருத்துங்கள்.