சி டிரைவுக்கு எந்த எஸ்எஸ்டி?

வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் இன்னும் சுழலும் ஹார்டு டிஸ்க்கில் ஓடுகிறதா? அப்படியானால் கையில் இருக்கும் பணத்தை முதலில் அங்கே போடுங்கள். தாம்பரம் மெப்ஸிலோ ஓஎம்ஆரிலோ வேலை பார்த்துக்கொண்டு, வாரத்தில் சில நாள் சேலையூர் வீட்டிலிருந்தே லாகின் செய்பவர்களுக்கும், முடிச்சூரில் வீட்டு முன்னறையில் டேலியைத் திறந்து நாலு கடைக்குக் கணக்கு எழுதித் தருபவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: அட்டையின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து வாங்காதீர்கள். (ஆபீஸ் கொடுத்த லேப்டாப்பில் கை வைக்க வேண்டாம், அது ஐடி டிபார்ட்மென்ட்டின் வேலை.)

ஏன் வேகத்தைப் பார்க்கக் கூடாது? விண்டோஸ் எழும்பும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடி எடுக்கிறது. ஹார்டு டிஸ்க்கின் முனை ஒவ்வொரு முறையும் இடம் மாறி, தட்டு சுற்றி வரும்வரை காத்திருந்து எடுக்க ஏறக்குறைய 10 மில்லி விநாடி ஆகும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. அதில் நூறில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. நீங்கள் உணரப்போகும் பாய்ச்சல் இந்த இடத்தில்தான். அதற்குப் பிறகு சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்குச் சுமார் 550 எம்பி, மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3,500, நான்காம் தலைமுறை 7,000 என்று அட்டையில் எண் ஏறிக்கொண்டே போகும். அவையெல்லாம் பெரிய ஃபைலை ஒரே மூச்சில் நகர்த்தும்போது கிடைக்கும் வேகம். 4கே வீடியோ எடிட் செய்பவருக்குப் பயன்படும். டீம்ஸ், எக்செல், முப்பது க்ரோம் டேப் என்று ஓட்டுபவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. மிச்சமாகும் காசில் 4 ஜிபி ரேமை 8 ஆக்குங்கள்.

அடுத்தது, உங்கள் மெஷினில் எது பொருந்தும் என்பது. கம்பெனிகள் கழித்துக் கட்டி, ரிஃபர்பிஷ்டு என்ற பெயரில் விற்பனைக்கு வந்த பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் புறநகர் வீடுகளில் நிறைய உண்டு. அவற்றில் பலவற்றில், அட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 ஸ்லாட்டே கிடையாது. இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டிதான் வழி. ஸ்லாட் இருந்தாலும் சாட்டா வகையை மட்டும் ஏற்குமா, என்விஎம்இயை ஏற்குமா என்று மதர்போர்டு மேனுவலில் பார்க்க வேண்டும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நீளமும் முக்கியம். 2280 என்றால் 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம். சில லேப்டாப்பில் 2242-தான் உட்காரும்.

பழைய மெஷின் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். எஸ்எஸ்டி போட்டால் இந்தச் சிக்கல் தீராது. எனவே பழைய மெஷினுக்கு எளிய சாட்டா டிரைவ் போதும். நாளைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தால் அதையே டேட்டாவுக்கு மாற்றிக்கொள்ளலாம். பிரவுசரிலேயே வேலை முடிந்துவிடும் என்பவர்கள் லினக்ஸ் மின்ட் போட்டுப் பார்க்கலாம்.

நான் முதலில் பார்ப்பது டிபிடபிள்யூ என்ற எண்ணை. வாரண்டி தீரும்வரை மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்று கம்பெனி ஒப்புக்கொள்ளும் அளவு அது. சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு 300 டிபி, ஐந்து வருட வாரண்டி. க்ரூஷியல் பிஎக்ஸ்500-இன் 240 ஜிபிக்கு 80 டிபி, மூன்று வருடம். ஒரு நாளைக்கு 30 ஜிபி எழுதினாலும் 300 டிபி தீர 27 வருடம் பிடிக்கும். 80 டிபியே ஏழு வருடத்துக்கு மேல் வரும். ஆக, எழுதியெழுதித் தேய்ந்துபோகும் என்ற பயம் வேண்டாம். ஆனாலும் அந்த எண்ணும் வாரண்டி வருடமும் கம்பெனிக்குத் தன் சரக்கின் மேல் எவ்வளவு நம்பிக்கை என்று காட்டிக்கொடுத்துவிடும். மெமரி சிப்பின் வகையையும் பாருங்கள்: டிஎல்சி கிடைக்கும்போது க்யூஎல்சியை சி டிரைவுக்கு எடுக்காதீர்கள். டிரைவ் நிறைந்துவரும்போது க்யூஎல்சி எழுதும் வேகம் படுத்துவிடும்.

கொள்ளளவு 500 ஜிபி. விண்டோஸில் அது 465 என்றுதான் காட்டும், கடைக்காரர் ஏமாற்றவில்லை. 256 போதும் என்று ஆரம்பித்தவர்கள் அப்டேட்டுக்கு இடமில்லாமல் ஃபோட்டோவை அழித்துக்கொண்டிருப்பார்கள்.

வாங்குவது எங்கே? எழும்பூர் வரை மின்சார ரயில், அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் ரிச்சி ஸ்ட்ரீட். ஞாயிற்றுக்கிழமை போய் நிற்காதீர்கள், பெரும்பாலும் ஷட்டர் மூடித்தான் இருக்கும். செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் சிப்பை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து மெமரி விலை ஏறிக்கிடக்கிறது. பழைய விலையை மனதில் வைத்துப் பேரம் பேசினால் கடைக்காரர் சிரிப்பார். விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் தாம்பரத்திலேயே தெரிந்த கடையில் வாங்கிவிடலாம். வாரண்டிக்கு அலையும்போது அருமை தெரியும். எங்கே வாங்கினாலும் சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் கேளுங்கள். வேறு லேப்டாப்பில் கழற்றிய டிரைவைப் புதுசு என்று தள்ளுவதும் உண்டு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பவர் ஆன் ஹவர்ஸைப் பாருங்கள். புது டிரைவ் என்றால் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும்.

மாட்டும் வேலையைச் சனிக்கிழமை சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது சொதப்பினால் சரிசெய்ய ஞாயிறு இருக்கும். க்ளோன் செய்வது சுலபம். ஆனால் வருஷக்கணக்கில் குப்பை சேர்ந்த விண்டோஸ் என்றால் புதிதாகவே போட்டுவிடுவது மேல். அதற்கு முன் டேலி டேட்டா ஃபோல்டர், அவுட்லுக்கின் பிஎஸ்டி ஃபைல், ஜிஎஸ்டி தாக்கலுக்கான டிஎஸ்சி டோக்கனின் டிரைவர், பிட்லாக்கர் ரெகவரி கீ எல்லாவற்றையும் வெளியே எடுத்துவைக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன கீயைத்தான் பலரும் மறப்பார்கள். இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து சில மெஷின்களில் விண்டோஸ் போடும்போது டிரைவே கண்ணில் படாது. டிரைவ் கெட்டுப்போய்விட்டதென்று கடைக்கு ஓடாதீர்கள். கம்ப்யூட்டர் கம்பெனியின் தளத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரைப் பென்டிரைவில் இறக்கிக் கொடுத்தால் தெரியும். க்ளோன் செய்தவர்கள், முதல் தடவை பூட் செய்யும்போது பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

அந்தப் பழைய ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் யூஎஸ்பி கேஸில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். ஹார்டு டிஸ்க் பல நேரம் கடகடவென்று சத்தம் போட்டு எச்சரித்துவிட்டுச் சாகும். எஸ்எஸ்டி பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் போகும். அழித்த ஃபைலை மீட்பதும் எஸ்எஸ்டியில் கடினம், டிரிம் என்ற வசதி அதைத் துடைத்துவிடும். அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் வினை, அதனால் சின்ன யுபிஎஸ் ஒன்று அவசியம். கரண்ட்டுக்கு அடுத்த பயம் வெள்ளம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூர், வரதராஜபுரம் தரைத்தள வீடுகள் மூழ்கின. 2023-இல் மிக்ஜாம் புயலின்போதும் தென் புறநகரில் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. அந்தப் பக்கம் தரைத்தளத்தில் இருப்பவர்கள் சிபியுவை மேஜைக்கு மேலே ஏற்றுங்கள். டேலி பேக்கப்பில் ஒரு காப்பி கூகுள் டிரைவில் இருக்கட்டும். பேக்கப் டிஸ்க்கை மாடிவீட்டுக்காரரிடமே கொடுத்து வைத்தாலும் தப்பில்லை.