பார்படோஸ் 'கிராப் ஓவர்' விழாவுக்குப் போகிறீர்களா?

கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்கள் அறுவடை முடிந்ததும் கொண்டாடிய விழா இது. 1974இல் புத்துயிர் பெற்றது. ஆகஸ்ட் முதல் திங்களன்று நடக்கும் கிராண்ட் கடூமென்ட் ஊர்வலம்தான் உச்சம். இறகு உடையில் நீங்களும் ஆட வேண்டுமானால் ஓர் ஆட்டக்குழுவில் சில மாதங்களுக்கு முன்பே பதிந்துவிடுங்கள். அறையும் அப்படித்தான், கடைசி நேரத்தில் கிடைப்பது கஷ்டம்.

விடியலுக்கு முன் நடக்கும் 'ஃபோர்டே மார்னிங்' ஆட்டத்தைத் தவறவிடாதீர்கள். உடம்பெல்லாம் பெயின்டும் சேறும் பூசுவார்கள். தூக்கிப்போடக்கூடிய பழைய துணியே போதும். ஆனால் ராணுவப் பச்சைப் புள்ளி உடை மட்டும் வேண்டவே வேண்டாம். அங்கே அது சட்டப்படி குற்றம், குழந்தைகளுக்கும் விலக்கில்லை.

கடற்கரையில் சின்னப் பச்சை ஆப்பிள் போலக் காய்க்கும் மரம் மஞ்சினீல். காயைத் தொடாதீர்கள், மழைக்கு அதனடியில் ஒதுங்காதீர்கள். சொட்டும் பால் பட்டால் தோல் கொப்புளித்துவிடும். பல மரங்களில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள்.

குழாய்த் தண்ணீரையே தாராளமாகக் குடிக்கலாம். ஒரு அமெரிக்க டாலருக்கு இரண்டு பார்படோஸ் டாலர். விலை கேட்கும்போது எந்த டாலர் என்று கேளுங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், பயணக் காப்பீடு அவசியம்.